நாற்பது ஹெர்ட்ஸ்

மஞ்சக்குட்டையில் இரண்டு நாளைக்கு எடுத்த அறை.
ஒரு மேசை, இரண்டு ரேடியோ.
என்னுடையது செவ்வாய்ப்பேட்டையிலிருந்து
இருபது கொண்டை ஊசி வளைவும்
என் மடியில் உட்கார்ந்தே ஏறியது.
ஜெசிந்தாவுடையது அவள் பள்ளி ஆய்வுக்கூடத்து
அலமாரி உச்சியிலிருந்து இறங்கி வந்தது.

சில்வர் ஓக்கிலிருந்து சில்வர் ஓக்குக்கு
மிளகுக்கொடி தாண்டிக் கட்டிய நீளக் கம்பி அவளுக்கு: கேட்க.
கூரைமேல் சாய்ந்து நிற்கும் குச்சி எனக்கு: பேச.
அவள் காது எங்கே நிற்கிறதோ
அங்கே என் வாய் போய் நிற்க வேண்டும்.
அவ்வளவுதான் ஏற்பாடு.

நேற்றிரவு அவள் எண்களைச் சொல்லச் சொல்ல
நான் குமிழைத் திருகினேன்.
ஏழு சைபர் எட்டு ரெண்டு என்றாள்.
ஏழு சைபர் ரெண்டு எட்டுக்குப் போய்விட்டேன்.
மோர்ஸ்காரர்களின் டிக்டிக் நடுவே
சளி பிடித்த என் குரல்
பத்து நிமிஷம் ஊரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது.
ஒருவர் மட்டும் பதில் போட்டார்.
அதன் பொருளை ஜெசிந்தா இன்னும் சொல்லவில்லை.

ஆகவே இன்று ஒரு ஒயர்.
பழைய ஹெட்போனின் வால், இரண்டு முனையிலும் பின்.
ஈயம் வைத்தது அவள், ஊதியது நான்.
வேகம் ஒன்பதாயிரத்து அறுநூறு, இருபக்கமும்.
இரண்டுக்கும் ஒரே கதவு எண் இருக்கக் கூடாதாம்;
என்னுடையதை மாற்றினோம்.

அவள் திருகினாள். என் ரேடியோவில் எண்கள் ஓடின,
யாரும் தொடாமலே.
நான் ஸ்வெட்டர் பைக்குள் கையை விட்டுக்கொண்டேன்.

பிறகு நிற்கவில்லை.
அவள் கை எடுத்த பின்னும்
முப்பது என்றது இது, முப்பத்தைந்து என்றது அது,
முப்பத்தைந்தா சரி என்றது இது,
அதற்குள் அது முப்பதுக்கு இறங்கியிருந்தது.
புது பஸ் ஸ்டாண்ட் ஓட்டலில்
நான் தர்றேன், இல்ல நான் தர்றேன் என்று
பில்லைப் பிடுங்கிக்கொள்ளும் இரண்டு பேர்.
கல்லாவில் இருப்பவர் எச்சில் தொட்டு
வேறு நோட்டு எண்ணப் போய்விடுகிறார்.

ஒன்று சொல்வதை நிறுத்த வேண்டும்.
மெனுவில் அதற்கு ஒரு இடம் இருக்கிறது,
நாற்பத்தொன்றாவது பக்கம், எழுத்து பொடி.
யாருடையது என்று கொஞ்ச நேரம் பேசினோம்.
என்னுடையது.

என் குமிழ் இனி அலங்காரம்.
திருகினால் சுற்றும், அடுத்த நொடியில்
அவள் எண் வந்து அழித்துவிடும்.
பழக்கதோஷம், மூன்று முறை திருகினேன்.

ஒன்பதரைக்குத் தூத்துக்குடி கிடைத்தது.
பொன்னுலிங்கம், ஐஸ் பாக்டரி, அங்கே கரண்ட் இல்லையாம்.
அவள் ஸ்பீக்கரில் கட்டையாகப் பேசினார்.
என் ஸ்பீக்கரில் அதே ஆள்,
அதே மூச்சில், ஒரு நூல் மெலிந்து.
இரண்டு திரையிலும் எண் ஒன்றுதான்,
கடைசிப் புள்ளிவரை.

நாற்பது ஹெர்ட்ஸ் இருக்கும் என்றாள்.
ஒயர் எண்ணைத்தான் கொண்டுபோகும்.
என் பெட்டிக்குள் இருக்கும் படிகமோ
மோட்டார் காயில் கட்டும் கடையில்,
தகரக் கூரைக்குக் கீழே எண்ணப் பழகியது;
இந்தக் குளிரில் அது சொல்லும் ஏழு
கொஞ்சம் வேறு ஏழு.
அதற்கும் ஒரு திருகாணி உண்டு, ஊசித்துளைக்குள்.
டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு
பொடி ஸ்க்ரூடிரைவரைத் தேடினாள்.

"சேலத்துக்காரரே" என்றார் பொன்னுலிங்கம்,
"உங்க குரல் மூக்கடைச்ச மாதிரி வருதே. சளியா?"

ஜெசிந்தா என்னைப் பார்த்தாள்.
"ஆமாங்க, சளிதான்" என்றேன்.
பொய்யில்லை, இரண்டு நாளாக மூக்கு ஒழுகுகிறது.
"மிளகு போட்டுக் குடிங்க,
நீங்க உக்காந்திருக்கிறதே மிளகுக் காட்டுல" என்றார்,
அதற்குள் யாரோ கொச்சிக்காரர் குறுக்கே விழுந்தார்.

பிளாஸ்கைத் திறந்து
மூடியில் எனக்குக் கஷாயம் ஊற்றினாள் ஜெசிந்தா.
கருப்பட்டி அடியில் தங்கியிருந்தது.
கையிலிருந்த ஸ்க்ரூடிரைவரால் கலக்கினாள்.